ஊதச் சொன்னவன்

இப்படி ஓரமா உக்காந்துக்கலாமாக்கா? அந்தப் பக்கம் வெயில் வந்துருச்சு. பையை எடுக்க வேணாம், இருக்கட்டும். எனக்கு இவ்வளவு இடம் போதும்.

யாரைப் பாக்க வந்திருக்கீங்க? தம்பியா. குடியை விட வைக்க இங்க சேத்து எத்தனை நாளாச்சு? பதினெட்டு நாள்னா இன்னைக்குப் பாக்க விடுவாங்க. மொத ரெண்டு வாரந்தான் யாரையும் விடமாட்டாங்க. பத்து மணியிலருந்து ஒவ்வொரு பேரா கூப்பிடுவாங்க, பன்னெண்டுக்கு மணி அடிச்சு கேட்டைச் சாத்திருவாங்க. எனக்கு இங்க எல்லாம் பழக்கமாயிருச்சு. இது ஆறாவது ஞாயித்துக்கிழமை. ஆறு வாரமும் இதே பெஞ்சுதான். உள்ள ஒரு தடவைகூடப் போனதில்ல.

அவங்க விடாம இல்லக்கா. உள்ள இருக்கிறவன் என்னைப் பாக்க மாட்டேங்கிறான். அடைக்கலசாமின்னு பேரு. என் தங்கச்சி புனிதாவோட வீட்டுக்காரன். தங்கச்சி இப்ப உள்ளதான் இருக்கா. அவகிட்ட ஒரு பேப்பர் குடுத்து அனுப்பியிருக்கேன். அதுல அவன் ஒரே ஒரு கையெழுத்துப் போடணும். இன்னைக்கே போடணும். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு விசாரணை. அவன் போடலேன்னா நான் முடிஞ்சேன். உங்க தம்பி ஊரு கரூரா? நல்லதுக்கா. முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டதான் பேச முடியுது இப்பல்லாம். தெரிஞ்சவங்க எல்லாம் என்னைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க.

நான் சூசைநாதன். ஏர்போர்ட்டுல சேஃப்டி ஆபீசர். விமானம் ஓட்டுற கம்பெனி இல்லக்கா, கீழ வேலை பாக்குற கம்பெனி. விமானம் வந்து நின்னா பெட்டியை இறக்கணும், ஏணி வைக்கணும், தண்ணி ஏத்தணும், கெளம்பும்போது பின்னாடி தள்ளி விடணும். விமானம் பஸ்ஸு மாதிரி தானா ரிவர்ஸ் எடுக்காது. முன் சக்கரத்துல ஒரு வண்டியைக் கோத்து மெதுவா தள்ளணும். அந்த வண்டியை ஓட்டுறவன்தான் அடைக்கலம். பதினேழு வருஷம். ஒரு கீறல் கிடையாது. உள்ள நூத்தியெழுவது உசுரு உக்காந்திருக்கும், இவன் ஒரு கையால ஸ்டீரிங்கைப் புடிச்சுக்கிட்டு தொட்டில ஆட்டுற மாதிரி தள்ளுவான். அவனை அந்த வேலையில சேத்து விட்டதே நான்தான். தங்கச்சியைக் குடுத்ததும் நான்தான்.

சொல்றேன், எல்லாம் சொல்றேன். நீங்களே கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு சொல்லுங்க. நான் விதிப்படி நடக்குற ஆளுக்கா. அதுதான் நான் செஞ்ச குத்தம்.

போன வருஷம் மழைக்காலத்துல எங்க மேனேஜர் கூப்பிட்டாரு. "சூசை, மேலருந்து உத்தரவு வந்துருச்சு. குடிச்சிருக்காங்களான்னு பாக்க பைலட்டு ஊதுறாங்கல்ல, அது மாதிரி நம்ம ஆளுங்களும் இனிமே ஊதணும். ஆறு வாரத்துல எல்லாத்தையும் ரெடி பண்ணணும், நீதான் பாத்துக்கணும்"னாரு. எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோசம் சொல்லி முடியாது. பத்தொம்பது வருஷமா ஹெல்மெட்டு போடு, மஞ்ச சட்டை போடுன்னு கத்திக்கிட்டுக் கெடந்தவன். யாரும் மதிச்சதில்ல. இப்ப ஒரு மிஷினு, ஒரு ரூமு, ஒரு சட்டம் என் கையில.

சென்னைக்கு மூணு நாள் வகுப்புக்கு அனுப்புனாங்க. எப்படி ஊத வைக்கிறது, மொத தடவை காட்டினா எப்படிப் பதினஞ்சு நிமிஷம் உக்கார வச்சு மறுபடி ஊதச் சொல்றது, யாரைச் சாட்சி வைக்கிறது, எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. கடைசி நாள் ஒரு டாக்டரம்மா வந்தாங்க. அவங்க சொன்னது மட்டும் எனக்கு ஒத்துக்கல. "எத்தனை பேரைப் புடிச்சீங்கன்னு நான் கேக்க மாட்டேன். எத்தனை பேரு தானா வந்து உங்ககிட்ட சொன்னாங்கன்னுதான் கேப்பேன்"னாங்க. குடிச்சவன் எவனாவது தானா வந்து சொல்லுவானா? நடக்குற காரியமா? இருந்தாலும் நோட்டுல எழுதிக்கிட்டேன். எழுதச் சொன்னா எழுதிருவேன் நான்.

வந்து ரூமைப் போட்டேன். கேன்டீன் பக்கத்துல பழைய ஷூவெல்லாம் போட்டு வைக்கிற ரூமு. நானே நின்னு சுண்ணாம்பு அடிக்க வச்சேன். ரெண்டு நாற்காலி, ஒரு மேசை, மிஷினு. மூலையில ஒரு கேமரா. பின்னாடி எவனும் எதையும் மாத்திச் சொல்லக் கூடாது பாருங்க, அதுக்காக. பேச்சு பதிவாகாது, படம் மட்டுந்தான். தினமும் யாரு ஊதணும்னு கம்ப்யூட்டரே பேரு எடுத்துக் குடுக்கும். பதினாலு பேரு. அந்த லிஸ்ட்டு என் சட்டைப்பையில இருக்கும். பெத்த தகப்பன் கேட்டாலும் காட்ட மாட்டேன்.

சங்கத்துக்காரங்க மொதல்ல ஒத்துக்கல. செல்லத்துரைன்னு ஒருத்தர், சங்கத் தலைவரு. "பழைய சோறு சாப்பிட்டு வர்றவன் பாதிப்பேரு. அது புளிச்சுப்போயி மிஷின்ல காட்டுனா எங்க ஆளு வேலை போயிருமே"ன்னாரு. நியாயமான கேள்வி. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மறுநா காலையில ரெண்டு கும்பா பழைய சோத்தை அவரு கண்ணு முன்னாடியே தின்னுட்டு ஊதுனேன். சைபர். இருமல் மருந்து குடிச்சுட்டு ஊதுனேன். அது காட்டுச்சு, ஆனா பதினஞ்சு நிமிஷம் கழிச்சு ஊதுனா சைபர். "இதுக்குத்தான் ரெண்டாவது தடவை"ன்னேன். செல்லத்துரை சரின்னுட்டாரு. அப்படி நேர்மையா ஆரம்பிச்சேன்க்கா அதை.

விதியெல்லாம் நானே தமிழ்ல எழுதி ஒட்டினேன். பன்னெண்டு விதி. எல்லாரையும் கேன்டீன்ல உக்கார வச்சுப் படிச்சுக் காமிச்சேன். ஏழாவது விதி டாக்டரம்மா சொன்னது. வேலைக்கு ஏறுறதுக்கு முன்னாடி யாராவது தானா வந்து, இன்னைக்கு என்னால முடியாது, குடிச்சிருக்கேன்னு சொன்னா, அன்னைக்கு வீட்டுக்கு அனுப்பணும். சிகிச்சைக்கு ஏற்பாடு பண்ணணும். வேலைக்கு ஆபத்து வராது. வெளிய சொல்லக் கூடாது. இதைப் படிச்சப்ப நாலஞ்சு பேரு சிரிச்சாங்க. அடைக்கலம் சிரிக்கல. கடைசி வரிசையில தூணுல சாஞ்சு நின்னு கேட்டுக்கிட்டிருந்தான்.

அந்த விதியில ஒரு ஆளுகூட வரல. அப்பவே சொன்னேன்ல? ஆரம்பத்துல ஒரே ஒருத்தன் வந்தான், பெட்டி தூக்குறவன். இருவது நாள் ஆயிருக்கும். கேன்டீன்ல நான் டீ குடிச்சுக்கிட்டிருக்கேன், பக்கத்துல வந்து குனிஞ்சு, "சார், ஏழாவது விதின்னு சொன்னீங்களே, அது நெசந்தானா"ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஏன்டா, ரெண்டு பொம்பளைப் புள்ளைய வச்சுக்கிட்டுக் குடிச்சுட்டு வேலைக்கு வர்றியா, வெக்கமா இல்ல"ன்னு நல்லாக் கேட்டேன். அவன் நல்லதுக்குத்தான். கேன்டீனே திரும்பிப் பாத்துச்சு. அவன் "இல்ல சார், சும்மாதான் கேட்டேன்"னு போயிட்டான். அதுக்கப்புறம் ஒருத்தனும் வரல. ஒருத்தனும் குடிக்கலன்னுதானே அர்த்தம்.

ரூமு வாசல்ல ஒரு போர்டு மாட்டினேன். "இன்றோடு இத்தனை நாள், ஒருவரும் சிக்கவில்லை"ன்னு. தினமும் காலையில நானே சாக்பீஸால நம்பரை மாத்துவேன். முப்பது. அம்பது. எழுவது. பக்கத்து ஊரு ஏர்போர்ட்டுலருந்து போன் பண்ணிக் கேட்டாங்க, எப்படி சார் பண்றீங்கன்னு. மேனேஜர் தலைமை ஆபீசுக்கு எழுதிட்டாரு. நூறாவது நாள் அன்னைக்கு டெல்லியிலருந்து ரெண்டு பேரு வர்றதா ஏற்பாடு. கேக்கு சொல்லியாச்சு. எனக்கு ஒரு கேடயம்.

அடைக்கலம் குடிப்பான்னு எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. கிறிஸ்மஸ் அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்ப வாசம் வந்துச்சு. சரி, பண்டிகை. அப்புறம் ஒருநா புனிதா வீட்டுக்கு வந்திருந்தா. அரிசி களைஞ்சுக்கிட்டிருந்த என் வீட்டுக்காரி பக்கத்துல நின்னுக்கிட்டு, "அண்ணே, உங்க மிஷின்ல இவரை ஒருநா ஊதச் சொல்லிப் பாருங்களேன்"னா. நான் சிரிச்சேன். "அது என்ன ரங்க ராட்டினமா, ஆளாளுக்கு ஏறிப் பாக்க? அவரு பேரு வந்தா ஊதுவாரு"ன்னேன். அவ முந்தானையால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டா. அடுப்புச் சூடு. நான் மிஷினைப் பத்திப் பெருமையாப் பேசுவேன், அதுல ஆசைப்பட்டுக் கேக்குறான்னுதான் நெனச்சேன். இப்ப அவ என்னைக் கேக்குறா, அன்னைக்கே சொன்னேனேன்னு. என்ன சொன்னா அவ? சொல்லணும்னா நேராச் சொல்லணும்ல?

அவனும் அப்படித்தான். நேரா வாயைத் தொறக்க மாட்டான். பொங்கல் கழிஞ்சு ஒருநா பைக்குல ஒண்ணாப் போயிக்கிட்டிருக்கோம். பின்னாடி உக்காந்துக்கிட்டு, "மச்சான், என் பேரு இதுவரைக்கும் வரவே இல்லையே, ஏன்"னான். "அதெல்லாம் கம்ப்யூட்டரு எடுக்குறது மாப்ள, உனக்கு யோகம்"னேன். "வந்தா நல்லாயிருக்கும் மச்சான்"னான். வெளையாட்டுக்குச் சொல்றான்னு விட்டுட்டேன். ரயில்வே கேட்டு வேற சாத்தியிருந்துச்சு.

அப்புறம் அந்த நாளு. நூறாவது நாளு.

அவனுக்கு மதிய ஷிஃப்ட்டு. ஒரு மணிக்கு ஏறணும். பன்னெண்டேகாலுக்கே வந்துட்டான். எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. நான் ரூமுல மேசையைத் தொடச்சுக்கிட்டிருக்கேன், டெல்லிக்காரங்க ரெண்டு மணிக்கு வர்றாங்க. உள்ள வந்தான். சும்மா வந்தான். லிஸ்ட்டுல அவன் பேரு இருக்கான்னு நோட்டம் பாக்க வந்தான், வேற ஒண்ணுமில்ல. நாலு நிமிஷம் நின்னுட்டுப் போயிட்டான்.

மூணு மணி பத்து நிமிஷம். ஒரு விமானத்தைத் தள்ளி விட்டுட்டு வெறும் வண்டியைத் திருப்பிக்கிட்டு வர்றான். விமானத்துக்கு ஒண்ணும் ஆகல, அது மேல போயிருச்சு. பக்கத்துல இன்னொரு விமானத்துக்கிட்ட ஏணி போட்டு ஜபருல்லா நின்னுக்கிட்டிருக்காரு. மெக்கானிக்கு. அம்பத்திரெண்டு வயசு, அடுத்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போறதுக்குப் பேரு குடுத்திருந்த மனுஷன். வண்டி ஏணியோட காலைத் தட்டிருச்சு. வேகமால்லாம் இல்ல. ஒரு தட்டு. அவரு பதினோரு அடி மேலருந்து சிமெண்ட்டுத் தரையில விழுந்தாரு. தொடையெலும்பு ரெண்டு துண்டு. இன்னைக்கு வரைக்கும் எந்திரிச்சு நடக்கல.

நான் கேடயத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன், சத்தம் கேட்டு ஓடுறேன். எங்க வச்சேன்னுகூடத் தெரியல அதை.

விபத்து நடந்தா ஓட்டுனவனை உடனே ஊத வைக்கணும். அதுவும் நான் எழுதின விதிதான். அடைக்கலத்தைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அவன் நடந்துதான் வந்தான், தள்ளாடல. அழுதுக்கிட்டே வந்தான். டெல்லிக்காரங்க ரெண்டு பேரு, மேனேஜரு, செல்லத்துரை, எல்லாரும் நிக்கிறாங்க. கொழாயை மாட்டி நீட்டினேன். "ஊது"ன்னேன். என் தங்கச்சி கழுத்துல தாலி கட்டினவன்கிட்ட, "நல்லா இழுத்து ஊது"ன்னேன். நம்பரு வந்துச்சு. அந்த நம்பரை நான் சொல்ல மாட்டேன்.

விதிப்படி பதினஞ்சு நிமிஷம் உக்கார வைக்கணும். மத்தவங்க வெளிய போயிட்டாங்க, கதவு கிட்ட செல்லத்துரை மட்டும் சாட்சிக்கு. எதிரெதிர் நாற்காலியில நானும் அவனும். பதினஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம்னு உங்களுக்குத் தெரியுமாக்கா? நான் மேசையைப் பாக்குறேன். அவன் என்னைப் பாக்குறான்னு தெரியுது. இப்பச் சொல்லிருவான், செல்லத்துரை காதுல விழுற மாதிரி சொல்லிருவான்னு எனக்கு வேர்த்து ஊத்துது. அவன் சொல்லல. கடைசியில ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். "ஜபருல்லா பாய்க்கு உசுருக்கு ஒண்ணும் இல்லையே மச்சான்?" அவ்வளவுதான். மறுபடி ஊதினான். மறுபடி அதே நம்பரு.

என்ன சொல்லிருவான்னு பயந்தேனா? அது... லிஸ்ட்டைப் பத்தி ஏதாவது சொல்லிருவான்னு. சொன்னேன்லக்கா, நோட்டம் பாக்க வந்தான்னு.

ரிப்போர்ட்டு எழுதணும்ல. அதுல ஒரு கேள்வி இருக்கு. "சோதனைக்கு முன் ஊழியர் தானாக முன்வந்து தெரிவித்தாரா?" இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏர்போர்ட்டுக்குள்ள போறதுக்கு இருந்த அவன் பாஸைப் புடுங்கிட்டாங்க. போலீசுல கேசு. அன்னைக்குப் போனவன் வீட்டுல உக்காந்து ஒன்பது நாளு விடாம குடிச்சிருக்கான். புனிதா தனியா அவனை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்து இங்க சேத்தா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான்தான் தேடிக் கண்டுபுடிச்சு வந்தேன்.

ஊருல என்ன பேசுறாங்கன்னா, தங்கச்சி புருஷனையே மாட்டி விட்டான் பாரு, ஈவு எரக்கம் இல்லாதவன், விதி விதின்னு குடும்பத்தையே கெடுத்தான்னு. கோயில்ல பூசை முடிஞ்சு வெளிய வந்தா எனக்கு ஒருத்தரும் வணக்கம் வைக்கிறதில்ல. நான் என்னக்கா செய்யட்டும்? சொந்தக்காரன்னு விட முடியுமா? விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?

இப்ப வந்த சிக்கல் என்னன்னா அந்தக் கேமரா. விசாரணைக்கு வந்திருக்கிற ஆபீசர் படத்தைப் போட்டுப் பாத்திருக்காரு. பன்னெண்டு பதினாலுக்கு அடைக்கலம் உள்ள வர்றான். பன்னெண்டு பதினெட்டுக்கு வெளிய போறான். நாலு நிமிஷம். என்ன பேசினீங்கன்னு எழுதிக் கேட்டிருக்காரு, ரெண்டு பேர்கிட்டயும். நான் பதில் எழுதிட்டேன். அதே பதிலை அவன் பேருல எழுதி டைப் அடிச்சுக் கொண்டுவந்து, அவன் கையெழுத்துக்குத்தான் இப்படி நாயா அலையுறேன். "குடும்ப விஷயம் பேசினோம். குடித்திருப்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை." ரெண்டு வரி. அதுல போட்டுட்டான்னா முடிஞ்சுது. அவனுக்கு எப்படியும் வேலை போயிருச்சு. அது போனது போனதுதான். என் வேலையாவது நின்னா நான் அவன் குடும்பத்தையும் சேத்துப் பாத்துக்குவேன். புனிதாவை, ரெண்டு புள்ளைங்களை, எல்லாத்தையும். நான் எனக்காகவா கேக்குறேன்?

என்னக்கா?

இல்ல, லிஸ்ட்டைப் பாக்க வந்தான்னு உங்ககிட்ட சொன்னேன். பேப்பர்ல குடும்ப விஷயம்னு இருக்கு. ஆமா. ரெண்டும் ஒண்ணுதான். இல்ல, ஒண்ணு இல்ல. அதை எப்படிச் சொல்றது உங்களுக்கு.

இருங்க. புனிதா வர்றா.

புனிதா. இங்க, இங்க இருக்கேன்மா. என்ன சொன்னாரு? கொஞ்சம் உக்காரு. தண்ணியாவது குடி. ஏம்மா, நில்லு. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை...

போயிட்டா. பாத்தீங்கல்ல. "இந்தாங்கண்ணே, நீங்க கேட்டது"ன்னு மடியில போட்டுட்டு பஸ்ஸுக்குப் போயிட்டா.

போட்டிருக்கான். கையெழுத்துப் போட்டிருக்கான்க்கா. கீழ தேதிகூடப் போட்டிருக்கான். பேரு கோணலா வந்திருக்கு, ஆனா அவன் கையெழுத்துதான். அப்பாடா.

போற போக்குல அவ சொன்னது உங்க காதுல விழுந்துச்சா? ஏன் போட்டீங்கன்னு கேட்டாளாம். "ரெண்டு வீட்டுல ஒரு வீட்டு அடுப்பாவது எரியட்டும், மச்சான் புள்ளைங்க படிக்கிற புள்ளைங்க"ன்னானாம்.

நான் இனிமே நிம்மதியா இருக்கலாம். நாளைக்கு இதைக் குடுத்துட்டா முடிஞ்சுது. எந்திரிச்சு நானும் பஸ்ஸுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு ஏன் எந்திரிக்க வரல?

என்ன கேட்டீங்க? அந்த நாலு நிமிஷம் நெசமாவே என்ன பேசினோம்னா?

நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நான் யாருன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். சரி. கேளுங்க.

அவன் உள்ள வந்து கதவைச் சாத்தினான். உக்காரல. சுவத்துல ஒட்டியிருந்த விதியைப் பாத்துக்கிட்டு நின்னான். "மச்சான், இன்னைக்கு என்னை வண்டியில ஏத்தாதீங்க"ன்னான். இதே வார்த்தை. "காலையிலேயே குடிச்சுட்டேன். குடிக்காம கை நிக்க மாட்டேங்குது, குடிச்சாத்தான் நிக்குது. ஏழாவது விதின்னு நீங்கதானே படிச்சீங்க. நாளைக்கே எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்து விடுங்க, நான் வர்றேன். புனிதாவுக்கும் சந்தோசமாயிருக்கும்"னான். இவ்வளவு நேராப் பேசினான். நான் சொன்னேனே, நேரா வாயைத் தொறக்க மாட்டான்னு. தொறந்தான்க்கா.

நான் என்ன சொல்லியிருக்கணும்? வீட்டுக்குப் போ மாப்ள, வேற டிரைவரைப் போட்டுக்கிறேன்னு சொல்லியிருக்கணும். அதுக்கு ஒரு படிவம் இருக்கு, ஒரு பக்கம், நானே அச்சடிச்சு அலமாரியில வச்சிருக்கேன். அதை எடுத்திருந்தா அந்த போர்டுல நம்பரை அழிக்கணும். டெல்லிக்காரங்க வர்ற அன்னைக்கு, மொத ஆளா என் தங்கச்சி புருஷன் பேரை எழுதணும். "இன்னைக்குத்தானா ஒனக்குப் புத்தி வரணும்"னு கேட்டேன். "என் மானத்தை வாங்கணும்னே வந்தியா"ன்னேன். அப்புறம் நான்...

நான் சட்டைப்பையில இருந்து லிஸ்ட்டை எடுத்தேன். பெத்த தகப்பன் கேட்டாலும் காட்ட மாட்டேன்னேன்ல. எடுத்துப் பிரிச்சுப் பாத்து, "உன் பேரு இன்னைக்கு இல்ல. போயி மூஞ்சியைக் கழுவிட்டு ரெண்டு கிளாஸு மோரு குடி. யாருகிட்டயும் பேச்சுக் குடுக்காத. நாளைக்குப் பேசிக்கலாம்"னேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பாத்தான். "நெசமாவா மச்சான்? ஓட்டலாங்கிறீங்களா?"ன்னான்.

"ஓட்டு"ன்னேன்.

என்னை நம்பி ஓட்டினான்க்கா. பதினேழு வருஷம் ஒரு கீறல் இல்லாதவன், முடியாதுன்னு அவனே வந்து சொன்னான். ஓட்டுன்னவன் நான். விமானத்துக்குள்ள நூத்தியெழுவது பேரு உக்காந்திருந்தாங்க. ஜபருல்லா பாயைப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த மனுஷன் என் கையப் புடிச்சுக்கிட்டு, "நீங்க கண்டிப்பா இருந்ததாலதான் சார் உண்மை வெளிய வந்துச்சு"ன்னாரு. நான் ஆரஞ்சுப் பழத்தை வச்சுட்டு வந்துட்டேன்.

ஊருல எல்லாரும் நான் ரொம்பக் கண்டிப்பா இருந்துட்டேன்னு திட்டுறாங்க. அதைக் கேக்குறப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஆறுதலாக்கூட இருந்துச்சு, தெரியுமா? திட்டட்டும், திட்டட்டும்னு இருந்தேன். அந்தத் திட்டு நெசத்தைவிட எவ்வளவோ மேலு.

உங்களைக் கூப்பிடுறாங்கக்கா. கரூர் செந்தாமரைன்னு கூப்பிட்டாங்க, நீங்கதானே. போங்க. உங்க தம்பி எதாச்சும் சொல்ல வந்தான்னா குறுக்க பேசாதீங்க. ஒளறுனாலும் கேளுங்க.

என்ன, போகலையா? போன்தான் அடிக்குது, அது அடிக்கட்டும். மேனேஜரு. காலையிலருந்து நாலாவது தடவை. கையெழுத்து வாங்கியாச்சான்னு கேக்கத்தான்.

எடுத்து நெசத்தைச் சொன்னா என் பொழப்பு போயிரும். போலீசும் வரும். எனக்கு நாப்பத்தொம்பது வயசு. இந்த வயசுல எவன் வேலை குடுப்பான்? என் பெரிய பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்குது. எடுக்கலேன்னா... எடுக்கலேன்னா இந்தப் பேப்பரு என் பையில இருக்கும். ஆயுசுக்கும் இருக்கும்.

கொஞ்சம் பக்கத்துல நில்லுங்கக்கா. நீங்க உள்ள போயிட்டீங்கன்னா நான் எடுக்க மாட்டேன்.

ஹலோ. சார், சூசைநாதன்தான்.

ஆமா சார். போட்டுட்டாரு. என் கையிலதான் இருக்கு.

இல்ல சார். நாளைக்கு அதைக் குடுக்கப் போறதில்ல.

கேளுங்க சார், ஒரு நிமிஷம். நான் எழுதின ரிப்போர்ட்டுல ஒரு எடம் தப்பு. தானா முன்வந்து சொன்னாரான்னு கேட்டதுக்கு இல்லைன்னு எழுதியிருக்கேன்ல, அது.

இல்ல சார். எழுத்துப்பிழை இல்ல. தெரிஞ்சுதான் எழுதினேன்.